எனக்கு வரவேண்டிய திட்டு

செய்தி வந்தபோது திண்டிவனத்தில், என் அறையில், ஒரு குழந்தையின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லிகா சிஸ்டர் கையில் போனோடு உள்ளே வந்தார். “மேடம் காலையில போயிட்டாங்க சார். விழுப்புரத்துலேர்ந்து அவங்க தம்பி பேசறாரு” என்று போனை நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. குழந்தையின் சிறுநீரக அளவை எழுதி முடித்துவிட்டுத்தான் கையை நீட்டினேன். அப்போது எழுதிய அளவு தப்பு. மத்தியானம் அந்தக் குழந்தையை மறுபடி கூப்பிட்டு அளக்க வேண்டியிருந்தது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை மருத்துவத் தொழிலில் இருக்கும் யாரிடமும் ‘மேடம்’ என்று சொன்னால் போதும், அது டாக்டர் அமலோற்பவம்தான். மயக்க மருந்து டாக்டர். விழுப்புரத்தில் வீடு, வேலை பாதி அங்கே, பாதி திண்டிவனத்தில். இருபத்து நான்கு வருஷம் பேருந்திலேயே வந்து போனார். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரோடு நின்று வேலை பார்த்தவர்கள். சிலர் அவர் கையால் தூங்கி, அவர் குரலைக் கேட்டு எழுந்தவர்கள். ஆனால் ஊருக்குள் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறவர்கள் குறைவு. கல்லை எடுத்தவன் நான் என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். தூங்கவைத்தவரின் முகம் தூங்கி எழுந்தவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப் போகிறது?

அவர் பொறுமையானவர், கடமை தவறாதவர் என்று இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எல்லாம் உண்மை. நான் எழுத வேண்டியது வேறு. பன்னிரண்டு வருஷமாக ஒரு தகப்பனிடம் நான் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று பாக்கி இருந்தது. சொல்லிவிடுகிறேன் என்று மேடத்திடம் ஒப்புக்கொண்டிருந்தேன். அவர் போய்விட்டார் என்று மல்லிகா சிஸ்டர் சொன்ன அந்தக் காலையிலும் நான் சொல்லியிருக்கவில்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வராது.

முதலில் அவரைப் பார்த்தது 1993இல், விழுப்புரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையின் தியேட்டரில். கண்டமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஐந்து வயதுக் குழந்தை, சிறுநீரகத்தில் கல். அப்போது குழந்தைக்குக் கல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, சிறுநீரகத்தைத் திறந்து எடுப்பது. நான் கையைக் கழுவிக்கொண்டு காத்திருக்கிறேன். குழந்தை மயக்க மருந்து மாஸ்க்கைப் பார்த்ததும் கட்டிடமே அதிரும்படி கத்துகிறது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. பிடித்து அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன்.

புதிதாக வந்திருந்த அந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் கைப்பையைத் திறந்து மூன்று குட்டி பாட்டில்களை எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்தார். கேக்கில் ஊற்றுகிற எசென்ஸ். அன்னாசி, ஆரஞ்சு, வெனிலா. எது வேண்டும் என்று கேட்டார். குழந்தை விசும்பிக்கொண்டே அன்னாசியைக் காட்டியது. மாஸ்க்கின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தடவி, கேக் வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துச் சொல்லச் சொன்னார். நாலாவது மூச்சில் குழந்தை தூங்கிவிட்டது. இது ஆஸ்பத்திரியா பேக்கரியா என்று கேட்டேன். “அழுதுக்கினே தூங்கின கொழந்தை அழுதுக்கினேதான் சார் எழுந்துக்கும். அது அழுற அழுகையில பிரியப்போறது உங்க தையல்தான்” என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் வைத்த பெயர் பேக்கரி அம்மா. அவர் எனக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. சிஸ்டர்களுக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

சில வருஷம் கழித்து நான் வெளியூர் போய்த் துளை வழியாகக் கல்லை எடுக்கிற முறையைக் கற்றுக்கொண்டு வந்தேன். குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே முதுகுப் பக்கம் ஓர் ஊசியைச் சிறுநீரகத்துக்குள் செலுத்த வேண்டும். அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்கி ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதன் வழியாகப் பார்த்துக் கல்லை உடைத்துத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். முடிந்த பிறகு முதுகில் இருப்பது சுண்டுவிரல் நகம் அளவு காயம். முன்னெல்லாம் பத்து நாள் படுத்துக் கிடந்த குழந்தைகள் மூன்றாம் நாள் வராந்தாவில் ஓடின. பெரியவர்களுக்குச் செய்யும் கருவியைச் சின்னக் குழந்தைக்குள் விட முடியாது என்பதால் குழந்தைகளுக்கான மெல்லிய கருவிகளை இரண்டாம் கையாக வாங்கிவந்தேன். பெட்டியைப் பிரித்த அன்று ஊருக்கே லட்டு கொடுக்காத குறைதான்.

மேடம் லட்டு சாப்பிடவில்லை. பெட்டியிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் படித்துவிட்டு வந்து ஒரே கேள்வி கேட்டார்: உள்ளே எவ்வளவு தண்ணீர் ஓடும்?

சரியான கேள்வி அதுதான். கல்லை உடைக்கும்போது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் சலைன் தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டில் பாட்டிலாகப் போகும். பெரியவர் உடம்பு அதைத் தாங்கும். பதினைந்து கிலோ குழந்தையின் உடம்புக்குள் சில்லென்ற தண்ணீர் ஓடினால் குழந்தையே சில்லிட்டுப் போகும். உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறையாது, இதயம் தடுமாறும், மயக்கம் தெளியாது. பெரிய ஊர்களில் தண்ணீரைச் சூடு பண்ணித் தருவதற்கு இயந்திரம் இருந்தது. எங்களிடம் இருந்தது ஓர் எவர்சில்வர் குண்டானும் மின்சார அடுப்பும். பாட்டில்களை அந்த வெந்நீரில் போட்டு வைப்போம். ஒவ்வொரு பாட்டிலையும் மேடம் தன் முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் தண்ணீர் பார்க்கிற மாதிரி. பிறகு ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ வராமல் எந்தப் பாட்டிலும் கம்பியில் ஏறக் கூடாது. இது எங்கள் தியேட்டரின் சட்டம். எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை, ஒருவனைத் தவிர.

அவருடைய இன்னொரு வழக்கம், நான் ஆசைப்படும்போது என்னை நிறுத்துவது. எண்பது நிமிடம் ஆகியிருக்கும், கடைசித் துண்டு ஒன்று மூலையில் ஒளிந்துகொண்டிருக்கும், நான் அதை விரட்டிக்கொண்டிருப்பேன். தலைமாட்டிலிருந்து குரல் வரும்: “கல்லு நாளைக்கும் அங்கியேதான் சார் இருக்கும்.” இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் எரிச்சல் வந்தது. ஒவ்வொரு முறையும் அவர் சொன்னது சரியாக இருந்தது என்பதால் எரிச்சல் இன்னும் கூடியது.

கல் எடுத்த பெண் குழந்தைகளிடம் எல்லாம் மேடம் ஒரு கேள்வி கேட்பார்: உங்கள் பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் இருக்கிறதா? எனக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது. நான் வழக்கம்போல நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறவன். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் போகிற பெண் குழந்தை, ஒதுங்க இடம் இல்லாத பள்ளியில் சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அவர். உப்பளத்துப் பக்கம், வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் அடிக்கிற வெயிலில் அது எப்படித் தாங்கும்? ஒரு முறை இரண்டாம் தடவையாகக் கல்லோடு வந்த ஒரு சிறுமியின் ஊருக்கு அவரே பஸ் ஏறிப் போனார். தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்து, கட்டி முடித்தும் பூட்டிக் கிடந்த கழிப்பறையின் சாவியைக் கேட்டார். சாவி இல்லை, பூட்டை உடைக்க அனுமதி வேண்டும், மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று பதில் வந்ததாம். எழுதுங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றாராம். அன்று எனக்கு இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போனது. நான் குதித்த குதி இன்றைக்கும் மல்லிகா சிஸ்டருக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் மேடம் வந்து, “அங்க ஒரு பூட்டு ஒடஞ்சா இங்க நாலு கல்லு கொறையும் சார். உங்களுக்குத்தான் வேல மிச்சம்” என்றார். சண்டையை அதோடு முடித்துக்கொண்டோம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து கலியபெருமாள் என்பவர் தன் ஆறு வயது மகள் சுகன்யாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடது சிறுநீரகத்தில் எப்போதோ வந்த கல் யாருக்கும் தெரியாமலே அதை அடைத்து, அது சுருங்கிப் பயனில்லாமல் போயிருந்தது. மிச்சம் இருந்த வலது சிறுநீரகத்திலும் இப்போது கல். அந்தக் குழந்தைக்கு இருந்தது அந்த ஒரு சிறுநீரகம்தான். அதற்கு ஏதாவது ஆனால் வேறு கதி கிடையாது. கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். துளை வழியாகவே எடுத்துவிடலாம் என்றேன் நான். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. ஒரே தடவை, சின்ன ஓட்டை, மூன்றாம் நாள் வீடு என்று கையடித்துச் சொல்லாத குறையாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மேடம் என் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்ததும், ‘ஒரே தடவை’ என்று எதற்கு சார் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டார்.

ஆபரேஷன் அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்தோம். சுகன்யா வெனிலாவைத் தேர்ந்தெடுத்தாள். ஊசி சரியாகப் போனது. கல் நினைத்ததைவிடக் கெட்டி. பாதிக் கல்லை எடுத்த பிறகு லேசாக ரத்தம் கசிந்து கண்ணுக்குமுன் எல்லாம் சிவப்பானது. தெளிவாகத் தெரிய வேண்டும் என்று தண்ணீரை வேகமாக விடச் சொன்னேன். வெந்நீரில் இருந்த பாட்டில்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்தன. அடுத்துப் போட்டவை இன்னும் சூடாகவில்லை. அந்த நேரம் பார்த்துக் குழந்தையின் மூச்சுக் குழாயில் சளி சேர்ந்துவிட, மேடம் துணிக்கு அடியில் தலையைக் கவிழ்த்து அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டில் எங்கே என்று கத்தினேன். இன்னும் சூடாகவில்லை என்றார் மல்லிகா சிஸ்டர். இருப்பதை மாட்டுங்கள் என்றேன். சிஸ்டர் தயங்கி மேடம் இருந்த பக்கம் பார்த்தார். “ஜல்தி மாட்டும்மா” என்று நான் போட்ட சத்தத்தில் மாட்டிவிட்டார். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு மூன்றாவது. எதற்கும் ‘ம்’ கேட்கப்படவில்லை. எனக்குக் காட்சி தெளிந்துவிட்டது, கல் தெரிகிறது, அந்த ஒரே தடவையை முடித்துவிடலாம் என்கிற சந்தோஷத்தில் உடைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் நிமிர்ந்தார். கம்பியில் தொங்கிய பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். துணிக்கு அடியில் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைப் பிடித்தார். பிறகு, “சார், நிறுத்துங்க” என்றார்.

அஞ்சு நிமிஷம் என்றேன். பெரிய துண்டு ஒன்று கீழ்ப்பகுதியில் உட்கார்ந்திருந்தது. அவர் வழக்கமாகச் சொல்கிற வாக்கியத்தை அன்றைக்குச் சொல்லவில்லை. “நான் மருந்த நிறுத்தறேன். கொழந்தைய எழுப்பப் போறேன்” என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு வாதாட இடமில்லை. முதுகில் சிறுநீர் வடிய ஒரு டியூபை வைத்துவிட்டுக் கருவியை வெளியே எடுத்தேன். குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்தபோது உதடு வெளுத்து, கை கால் எல்லாம் ஐஸ்போல இருந்தன.

ஒன்றரை மணி நேரம் அவள் கண் திறக்கவில்லை. மேடமும் மல்லிகா சிஸ்டரும் வெந்நீர்ப் பைகளையும் சூடான துணிகளையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்ற வந்து குழந்தையையே தொலைத்துவிட்டேனோ என்று பயந்தேன். கடவுளிடம் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று பேசினேன். கடைசியில் சுகன்யா முகத்தைச் சுளித்து, அம்மா என்றாள். மேடம் அவள் காதருகில் குனிந்து என்னவோ சொல்ல, சரி என்று தலையை ஆட்டினாள்.

வெளியே கலியபெருமாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். கவுனைக் கழற்றுகிறேன், கழற்றுகிறேன் என்று கழற்றிக்கொண்டே இருந்தேன். அதற்குள் மேடம் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கதவு முழுதும் சாத்தவில்லை. அவர் சொன்னது எனக்குக் கேட்டது: “பாதி கல்லு எடுத்தாச்சிங்க. மீதி நாளன்னிக்கி எடுத்துடலாம். மயக்கத்துல கொழந்தைக்கு ஒடம்பு ஜில்லுனு ஆயிடுச்சி. நான்தான் நிறுத்தச் சொன்னேன்.”

கலியபெருமாள் எழுந்து நின்றிருக்க வேண்டும். பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது. “மயக்கம் குடுக்கத் தெரியலன்னா எதுக்கும்மா வர்ற? எம் பொண்ணு ஒடம்பு என்னா நீ கத்துக்கினு போறதுக்கா?” என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுத முடியாது. வராந்தாவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மேடத்துக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நாலடி எடுத்து வைத்தால் வெளியே போயிருக்கலாம். தண்ணீர் என் தப்பு என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் போகவில்லை.

மூன்றாம் நாள் மறுபடி உள்ளே போனோம். ஒவ்வொரு பாட்டிலும் அவர் முழங்கையைத் தாண்டித்தான் வந்தது. கால் மணி நேரத்தில் அந்தத் துண்டு வெளியே வந்துவிட்டது. கலியபெருமாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மேடத்தைப் பேருந்து நிலையத்தில் விடப்போனேன். காரில் போகும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். கேட்பதற்கே எனக்கு மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: “உங்க மேல நம்பிக்க போயிருந்தா அந்தாளு டியூபோட கொழந்தைய தூக்கிக்கினு போயிருப்பாரு சார். உள்ள பாதி கல்லு இருந்துச்சி, இருக்கறதே ஒரு கிட்னி. திரும்ப அவரு கொழந்தைய உங்க கையிலதான் குடுக்க வேண்டியிருந்துச்சி, என் கையில இல்ல. என்னத் திட்டினா ஒண்ணும் ஆவாது.” கொஞ்ச நேரம் கழித்து, “கொழந்தை தேறினதும் நீங்களே ஒரு நாள் அவர்கிட்ட சொல்லிடுங்க. அந்தாளும் பாவம், வீணா என்மேல கோவத்த வச்சிக்கினு இருப்பாரு” என்றார். கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

கலியபெருமாள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மகளை ஸ்கேனுக்குக் கூட்டிவந்தார். வரும்போதெல்லாம் ஐஸ் போட்டு நல்ல மீனாகக் கொண்டுவருவார். முதல் முறை வந்தபோது அடுத்த முறை சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த முறை அவருடைய அண்ணன் கூட இருந்தார். அதற்கடுத்த முறை வெளியே கூட்டம். காரணத்துக்கா பஞ்சம்? சுகன்யா வளர்ந்தாள். கல் திரும்ப வரவில்லை. அந்த ஒற்றைச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தது. நானும் அவர் கொடுத்த வஞ்சிரத்தை வாங்கிக்கொண்டேன். சொல்லிவிட்டீர்களா என்று மேடம் ஒரே ஒரு முறை கேட்டார். சொல்கிறேன் என்றேன். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். அதுவும் அவர்மேல் பழியைப் போடுகிற இன்னொரு வழி என்று இப்போது புரிகிறது.

அடக்கம் விழுப்புரத்தில். கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தபோது கூட்டத்தின் பின்வரிசையில் கலியபெருமாள் நிற்பதைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் அவர் மனைவி. மறுபக்கம் கல்லூரிக்குப் போகிற சுகன்யா, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். மேடத்தின்மேல் கோபமாக இருக்கிற மனிதர் இத்தனை தூரம் எதற்கு வந்திருக்கிறார்?

மண் போட்டு முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். இப்போதும் தள்ளிப்போட்டால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது. வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தேன். அன்றைக்குத் தண்ணீர் சூடாகவில்லை என்று சிஸ்டர் சொன்னதையும், நான் கத்தி மாட்டவைத்ததையும், மயக்க மருந்தில் எந்தத் தப்பும் இல்லை என்பதையும், உங்கள் பெண்ணைக் காப்பாற்றியவர் நீங்கள் திட்டியவர்தான் என்பதையும், நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததையும் சொன்னேன். சுகன்யா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலியபெருமாள் புதுமண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இவ பெரிய மனுஷி ஆனப்ப அந்தம்மாவுக்கும் பத்திரிக வைக்கப் போனோம் சார். வருஷம் ஆவ ஆவ அன்னிக்கி நான் பேசினது மனச அறுத்துக்கினே இருந்துச்சி. கால்ல வுழுந்து கேட்டேன். ‘பெத்தவருக்குக் கோவம் வராம வேற யாருக்கு வரும்’னு சொல்லி, சோறு போட்டு அனுப்புனாங்க. ஒங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லல.”

எனக்கு அது தெரியாது. மேடமும் என்னிடம் சொன்னதில்லை. தான் செய்யாத தப்புக்குத் திட்டிவிட்டுப் பிறகு காலில் விழுந்த மனிதருக்கு, என் பெயரைச் சொல்லாமல், சோறு போட்டு அனுப்பியிருக்கிறார். மன்னித்துவிடுங்கள் என்று கலியபெருமாளிடம் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருப்பேன்.

“நீங்க அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா ஒங்களத் திட்டியிருப்பேன் சார்” என்றார். “திட்டிட்டு, கொழந்தைய ஒங்ககிட்டயேதான் குடுத்திருப்பேன். நான் வேற எங்க சார் போவேன்?”

இது எனக்கு மட்டுமல்ல, மேடத்துக்கும் தெரியாத விஷயம். என்மேல் நம்பிக்கை போய்விடும் என்று பயந்துதான் அவர் அந்தப் பேச்சை எல்லாம் தாங்கிக்கொண்டார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்தத் தகப்பன் குழந்தையை என்னிடமே கொடுத்திருப்பார். என்னைக் காப்பாற்ற யாரும் எதையும் தாங்கியிருக்கவே வேண்டியதில்லை. நான் வெளியே போய் நின்றிருந்தால் போதும்.

மேடம், உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவை எவ்வளவோ. உங்களால் கண் விழித்த குழந்தைகள் இன்று கல்லூரியிலும் கடலிலும் கொல்லையிலும் இருக்கிறார்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு என்று ஊர் நினைக்கும்படி நடந்துகொண்டீர்கள். போன மாதம் மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழந்தைக்குப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. ரத்தம் பட்ட கவுனோடு அப்படியே வெளியே போய், கணக்குத் தப்பியது என்னால்தான் என்று தாயிடம் சொன்னேன். அந்த அம்மா என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். வராந்தாவில் எல்லோரும் பார்த்தார்கள். நான் நின்று கேட்டேன். பேசி ஓய்ந்ததும், மிச்சத்தை எப்போது எடுப்பீர்கள் என்று அவரே கேட்டார்.

உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நீங்கள் வாங்கிக்கொண்ட அந்தத் திட்டு. அது என்னுடையது.